எடை குறைந்தது எப்போது?

2014 நவம்பரில் தருமபுரி அரசு மருத்துவமனையில் 5 நாட்களுக்குள் 11 பச்சிளம் குழந்தைகள் இறந்தன. எடைக் குறைவு, மூச்சுத்திணறல் என்று காரணம் சொன்னார்கள். அது பொய்யல்ல, பாதி உண்மை. இந்த மாவட்டத்தில் குழந்தையின் எடை வார்டுக்கு வரும் முன்பே குறையத் தொடங்குகிறது: இளவயதுத் திருமணம், ரத்தசோகை, நிறைமாதத்திலும் கூலிவேலை.

பேறுகாலத்தில் உழைக்கும் பெண்ணுக்கு ஊதியத்தோடு ஓய்வு வேண்டும், அந்தச் சுமையில் பெரும்பங்கை அரசே ஏற்க வேண்டும் என்று 1928இலேயே பம்பாய் சட்டமன்றத்தில் பேசினார் அம்பேத்கர். அதற்குள் அவரே நான்கு பிள்ளைகளைப் பறிகொடுத்திருந்தார்.

வார்மரும் வென்டிலேட்டரும் செவிலியரும் போதுமான அளவு வேண்டும், அதற்காகப் போராடுவோம். கூடவே, தோழர்களே, ஒரு குழந்தை இறந்தால் ஆம்புலன்ஸ் எத்தனை மணிக்கு வந்தது என்பதோடு நிற்காதீர்கள். தாய் கடைசியாகக் கூலிக்குப் போனது எந்த நாள் என்றும் கேளுங்கள்.