தூசித் தும்மலும் ஒரு பிரெஞ்சுச் சொல்லும்

திண்டிவனம் அலுவலகத்தில் பழைய கோப்புக் கட்டை அவிழ்த்தாலே எனக்குத் தும்மல்தான். 90-களில் அதற்கு அஸ்டெமிசோல் மாத்திரை போட்டுக்கொள்வேன். தூக்கம் அசத்தாது என்பார்கள்.

சென்ற மாதம் விழுப்புரத்தில் ஈ.சி.ஜி. எடுக்கப் போனபோது பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். "டார்சேட்ஸ் டி பாயின்ட்ஸ் வரவழைக்கிற மருந்தாச்சே சார்!" என்றார் டாக்டர். பிரெஞ்சில் படித்தவனுக்குக் காது கூசியது. அது 'தொர்சாத் து புவாந்த்', முனைகளின் முறுக்கு. 1966-இல் பாரிஸில் தெஸெர்தென் என்ற மருத்துவர், 80 வயது மூதாட்டியின் இதய வரைபடத்தில் கூர்முனைகள் கயிறு திரித்தாற்போல் சுழல்வதைப் பார்த்து வைத்த பெயர்.

காரணம் பின்னால்தான் தெரிந்தது. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயச் செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறினால்தான் அது அடுத்த துடிப்புக்குத் தயாராகும். 'ஹெர்க்' என்னும் அந்த வாசலை மருந்து அடைத்தால் க்யூ.டி. இடைவெளி நீளும், சிலருக்குத் தாளம் முறுக்கிக்கொண்டு உயிரே போகும். இப்போது புது மருந்தை மனிதருக்குக் கொடுக்கும் முன்பே, ஹெர்க் உள்ள செல்களில் மின்னோட்டத்தை அளந்து பார்த்துவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் 1999-இலேயே அஸ்டெமிசோலை விலக்கிக்கொண்டார்கள். இந்தியாவில் தடை அறிவிக்கை வந்தது 2003 மார்ச்சில். கோப்பு நகரும் வேகம் எனக்குத் தெரியாததா? இடைப்பட்ட நாலு வருஷமும் நான் அந்த மாத்திரையை வாங்கிக்கொண்டுதான் இருந்தேன்.