பச்சை நிறம் தீட்டிய படம்



2014-ஆம் ஆண்டில் காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் அமைந்தபோது, நான் தருமபுரி மாவட்டப் பள்ளியொன்றில் தலைமையாசிரியனாக இருந்தேன். கரும்பலகையில் மாவட்டப் படம் வரைந்து, மேற்கே பென்னாகரத்துக் காடுகளைப் பச்சைச் சுண்ணக்கட்டியால் நிரப்பினேன். “ஐயா, இந்தப் பச்சையில் யானை எங்கே இருக்கும்?” என்று ஒரு மாணவன் வினவினான். “எங்கும் இருக்கும்” என்றேன். பிழையான விடை. அவன் தந்தையார் காட்டோரத்தில் கேழ்வரகு பயிரிடுபவர். அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

நம் காடுகளிற் பெரும்பகுதி மழை குறைந்த இலையுதிர் காடு. கோடையில் ஓடைகள் வெறும் மணலாய்க் கிடக்கும். ஆனால் ஒகேனக்கல் பக்கத்துக் காவிரிக் கரையிலோ நீர்மருது முதலிய மரங்கள் நிழல் பரப்பி நிற்கின்றன. சாம்பல் நிற மலை அணில் அம்மரங்களையே நாடுகிறது. கிளையோடு கிளை கூடியிருந்தால்தான் அது தாவிச் செல்ல இயலும். இடையில் நான்கு மரங்களை வெட்டிவிட்டால் அதன் பாதை அறுந்துபோம். ஆகவே அதன் நாடு ஆற்றோரமாக ஓடும் ஓர் ஒடுங்கிய நாடா. முதலையும் நீர்நாயும் ஆற்றை விட்டு அகலா.

யானையின் நிலை வேறு. நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கு மேலும் நீர் பருகும் அவ்விலங்கு கோடையில் ஆற்றை நெருங்கும். மழை பெய்து புல் துளிர்த்ததும் மலைகளிற் பரவும். கேழ்வரகு முற்றும் பருவத்தில் கர்நாடகக் காடுகளினின்றும் கூட்டங்கள் தளி, ஓசூர்ப் பக்கம் வருகின்றன.

மனிதர் இட்ட கோடுகளோ வேறு கணக்கில் அமைந்தவை. 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் நாடு திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் கைக்கு மாறியது. காப்டன் ரீடும், அவருக்குத் துணையாயிருந்த தாமஸ் மன்றோவும் நிலங்களை அளப்பித்தனர். வரிக்காக நடந்த அளவை அது. யானைத்தடத்தை அதில் யார் தேடுவார்? 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காடுகளைச் சுற்றிக் கோடிட வழிசெய்தது. 1965-இல் சேலத்திலிருந்து தருமபுரியும், 2004-இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரியும் பிரிந்தன. 2022-இல் அமைந்த காவேரி தெற்குச் சரணாலயம் ஒன்றுதான் பிரிப்பதற்கன்றிச் சேர்ப்பதற்காக இட்ட கோடு. ஏறத்தாழ 686 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அது, 504 சதுர கிலோமீட்டர் கொண்ட வடக்குச் சரணாலயத்தைக் கர்நாடகத்துக் காவேரிச் சரணாலயத்தோடு இணைக்கிறது.

ஆயினும் வயல் இருக்குமிடத்தில்தான் இருக்கிறது. 2023 மார்ச்சில், மாரண்டஅள்ளி அருகே, சட்டத்துக்கு மாறாக மின்சாரம் பாய்ச்சிய வேலியிற் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. உடன் வந்த இரண்டு குட்டிகள் பிழைத்தன. மாண்ட யானைகளை எண்ணி வருந்தினேன். ஓர் இரவில் ஆண்டுப் பயிரை இழக்கும் குடியானவரையும் என்னால் மறக்க இயலவில்லை.

அப்படத்தை இன்று வரைய நேர்ந்தால், முதலில் நீலக் கோட்டால் காவிரியையும் ஓடைகளையும் வரைவேன். அடுத்துக் கேழ்வரகு வயல்களைக் குறிப்பேன். பச்சையைக் கடைசியில் எடுப்பேன்.