எண்ணப்பட்டவனா, ஆக்கப்பட்டவனா? ஒசியாண்டர் விவாதமும் தேவனுக்கு முன்பாக விசுவாசியின் நிலையும்

தேவன் ஒரு விசுவாசியை நோக்கும்போது அவனிடத்தில் எதைக் காண்கிறார்? அவனுடைய பாவத்தையா, அவன் வாழ்வில் மெல்ல வளர்ந்துவரும் பரிசுத்தத்தையா, அல்லது அவனுக்குள் வாசம்பண்ணும் கிறிஸ்துவையா? இக்கேள்விக்குத் தமிழ்த் திருச்சபை அளிக்கும் மறுமொழி பெரிதும் ஒரே சொல்லைச் சார்ந்து நிற்கிறது. 'நீதிமானாக்கப்படுதல்' என்பதே அச்சொல். நம் மொழியில் 'ஆக்கு' என்னும் வினை மாற்றத்தைக் குறிப்பது. அரிசியைச் சோறாக்குகிறோம், பிள்ளையை ஆளாக்குகிறோம். எனவே, தேவன் பாவியை நீதிமானாக்குகிறார் என்று கேட்கும் எளிய விசுவாசி, தன் உள்ளே ஏதோ ஒன்று மாறியிருக்கவேண்டும் என எண்ணித் தன் உள்ளத்தைத் துழாவுகிறான். மாற்றம் தென்பட்டால் மகிழ்கிறான்; தென்படாவிடில் கலங்குகிறான். இறையியல் தேர்வில் இச்சொல்லுக்கு 'நீதிமான் எனத் தீர்ப்பளித்தல்' என்று சரியாகவே விளக்கம் எழுதிய மாணவர்கள், ஊழியத்திற்குச் சென்றபின் 'மாற்றுதல்' என்ற பொருளிலேயே பிரசங்கிப்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். மொழியின் இழுப்பு அத்துணை வலியது.

1871-இல் நிறைவுற்ற நம் பழைய திருப்புதலிலேயே இதற்குத் திருத்தம் உண்டு. நீதிமொழிகள் 17:15, துன்மார்க்கனை நீதிமானாக்குகிறவனைக் கர்த்தருக்கு அருவருப்பானவன் என்கிறது. தீயவன் ஒருவனைத் திருத்தி நல்லவனாக மாற்றுவது எவ்வாறு அருவருப்பாகும்? அங்கே பேசப்படுவது நியாயாதிபதியின் தீர்ப்பு. உபாகமம் 25:1-இலும் அதே எபிரெய வினை நீதிமன்றத்தைச் சார்ந்தே வருகிறது. லூக்கா 7:29-இல் கிரேக்க வினையை உள்ளபடியே பெயர்த்தால், ஜனங்கள் தேவனை 'நீதிமானாக்கினார்கள்' என்று எழுத நேரிடும். மொழிபெயர்ப்பாளர் அதனைத் தவிர்த்து, அவர் நீதிபரர் என்று அறிக்கையிட்டதாக எழுதினர். அவர்கள் அறிந்தே செய்த மாற்றம் இது.

இந்த இடர்ப்பாடு தமிழுக்கு மட்டும் உரியதன்று. இலத்தீன் மொழியின் 'யுஸ்டிஃபிக்காரே' என்னும் வினையும் 'நீதியுள்ளவனாகச் செய்தல்' என்னும் உறுப்புகளால் ஆனதே. அகுஸ்தீன் ஏறத்தாழ 412-இல் இயற்றிய 'ஆவியும் எழுத்தும்' என்னும் நூலில் இச்சொல்லைப் பெரிதும் அவ்வாறே கொண்டார். 'நீதிமானாக எண்ணப்படுதல்' என்ற பொருளும் கூடும் என்பதை அவர் குறிப்பிடாமலில்லை. இடைக்காலத் திருச்சபை முதற்பொருளையே வளர்த்தது. மார்ட்டின் லூத்தர் 1515-16-இல் ரோமர் நிருபத்தை விரிவுரை செய்தபோது, விசுவாசியை ஒரு நோயாளிக்கு ஒப்பிட்டார். நிச்சயமாய்க் குணமாவாய் என்று வைத்தியர் வாக்களித்திருக்கிறார். நோயாளி அவ்வாக்கை நம்புகிறான். அவன் உடலை நோக்கினால் நோயாளி. வைத்தியரின் வாக்கை நோக்கினால் சுகம் பெற்றவன். விசுவாசி ஒருங்கே நீதிமானும் பாவியுமாயிருக்கிறான் என்னும் லூத்தரின் போதனை இவ்வுவமையிலேயே தெளிவாகிறது. ஆயினும் வைத்தியரின் வாக்கும் அவர் அளிக்கும் மருந்தும் எவ்வாறு தொடர்புடையன என்பதை லூத்தர் இலக்கணமாக வரையறுத்து வைக்கவில்லை. 1546 பிப்ரவரி 18-இல் அவர் மரித்தார். அடுத்த ஆண்டு ஜனவரி 13-இல் திரெந்து சங்கம், நாம் நீதிமான்களாக எண்ணப்படுவது மட்டுமன்று, உள்ளபடியே நீதிமான்களாயிருக்கிறோம் என்று தீர்மானித்தது. சீர்திருத்தச் சபைகள் ஒருமனமாய் இதற்கு மறுப்புரைக்கவேண்டிய அவ்வேளையில், அவற்றின் நடுவிலிருந்தே ஒரு மாறுபட்ட குரல் எழும்பிற்று.

அக்குரலுக்கு உரியவர் அந்திரேயா ஒசியாண்டர். வானியலார் கோப்பர்னிக்கஸின் பெருநூல் 1543-இல் அச்சேறியபோது அதற்குப் பெயரிடாத முன்னுரை எழுதிச் சேர்த்தவர் என்ற அளவில் உலக வரலாறு அவரை அறியும். ஆங்கிலத் திருச்சபையின் கிரான்மர் 1532-இல் மணந்தது ஒசியாண்டர் மனைவியின் உறவினளான பெண்ணை என்பதும் பலர் அறியாத செய்தி. திருச்சபை வரலாற்றிலோ அவர் 1522 முதல் நூரம்பர்க் நகரின் புனித லோரன்ஸ் ஆலயத்தில் பிரசங்கித்த வல்லமையான சீர்திருத்தவாதி. அவருடைய பிரசங்கத்தைக் கேட்டு மனம் திரும்பியவர்களில் ஒருவர் டியூட்டானிக் வீரத்துறவியர் சங்கத்தின் தலைவர் ஆல்பிரெக்ட். அவரே பின்னர் பிரஷ்யாவின் கோமகனானார். ஒசியாண்டரைத் தம் ஆவிக்குரிய தகப்பனாகவே மதித்தார். 1548-இல் பேரரசர் விதித்த இடைக்கால ஏற்பாட்டிற்கு நூரம்பர்க் நகரம் பணிந்தபோது, ஒசியாண்டர் பதவியைத் துறந்து வெளியேறினார். 1549-இன் தொடக்கத்தில் கோனிக்ஸ்பர்க் நகரை அடைந்தார். இன்று ரஷ்யாவின் கலினின்கிராட் என வழங்கும் ஊர் அது. கோமகன் அவருக்கு ஆலயமும் அளித்தார், 1544-இல் தாம் நிறுவிய பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் இடமும் அளித்தார். ஒசியாண்டரிடம் பட்டம் ஒன்றும் இல்லை. பட்டம் பெற்ற ஆசிரியர்கள் இதனை எவ்வாறு ஏற்றிருப்பார்கள் என்று நான் விவரிக்கவேண்டியதில்லை. கல்லூரிகளை அறிந்தோர் அறிவர்.

1550 அக்டோபர் 24-இல் நடைபெற்ற வாதமேடையில் ஒசியாண்டர் தம் கொள்கையை வெளிப்படையாக வைத்தார். கிறிஸ்துவின் பாடு மரணத்தினிமித்தம் நாம் நீதிமான்களாக எண்ணப்படுகிறோம், அவ்வளவே என்று போதிப்பவர்களின் உபதேசம் பனிக்கட்டியினும் குளிர்ந்தது என்றார். சிலுவையில் நிகழ்ந்தது மீட்பு. அது ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன், நாம் பிறவாதபோது முடிந்துபோன செயல். நீதிமானாக்கப்படுதலோ இன்று நமக்குள் நிகழ்வது. வார்த்தையின் வழியே, விசுவாசத்தின் வழியே, கிறிஸ்துவின் தெய்வீக இயல்பு நம்முள் வந்து வாசம்பண்ணுகிறது. அத்தெய்வீக இயல்பே நம் நீதி. எரேமியா 23:6 அவருக்கு ஆதார வசனம். அவ்வாறாயின் நம்மில் எஞ்சியிருக்கும் பாவம் என்னவாகிறது? பெருங்கடலில் விழுந்த அழுக்குத் துளி போல, உள்ளே வாசம்பண்ணும் அளவற்ற தெய்வ நீதியின் முன் அது பொருட்படுத்தப்படாமற் போகிறது என்பதே அவர் மறுமொழி.

இக்கொள்கையை எளிதில் தள்ளிவிடுதல் தகாது. ஒசியாண்டர் எழுப்பிய வினா நேர்மையானது. சத்தியபரராகிய தேவன், நீதி சற்றும் இல்லாத ஒருவனை நீதிமான் என்று சொன்னால், ஒன்று அவர் ஏமாந்திருக்கவேண்டும், அல்லது தீமைக்குத் துணைபோகவேண்டும். நீதிமொழிகள் 17:15 அருவருப்பு என்று சொன்னதைத் தேவனே செய்வாரோ? நம் சபைகளில் நீதிமானாக்கப்படுதலைக் கணக்கேட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்திற்கு எண்ணை மாற்றி எழுதுவதுபோல விளக்குகிறவர்கள், ஒசியாண்டரின் பனிக்கட்டி என்ற கூற்றுக்குச் சற்றே செவிகொடுப்பது நலம். கிறிஸ்து எங்கோ தொலைவில் நிற்க, அவருடைய புண்ணியம் மட்டும் நமக்கு அனுப்பப்படுவதாகப் பவுல் எங்கும் எழுதவில்லை.

எதிர்ப்பு விரைவில் எழுந்தது. கோனிக்ஸ்பர்க்கில் யோவாக்கிம் மோர்லின் முதலில் சமாதானம் செய்ய முயன்று, பின்னர்க் கடும் எதிரியானார். விட்டன்பர்க்கிலிருந்து மெலாங்க்தன் 1552 ஜனவரியில் மறுப்பு வெளியிட்டார். மெலாங்க்தனை வேறு காரணங்களுக்காகக் கடுமையாய்ப் பகைத்த பிளாசியஸும் இதில் அவர் பக்கமே நின்றார். ஒருவரையொருவர் துரோகி என்றழைத்துக்கொண்டிருந்த இரு அணியினர் ஒரே குரலில் பேசியது அக்காலத்தில் அரிய காட்சி.

மெலாங்க்தனின் மறுப்பில் வலிமை மிக்க பகுதி கலங்கிய மனச்சாட்சியைப் பற்றியது. தேவன் விசுவாசிக்குள் வாசம்பண்ணுகிறார் என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் அந்த வாசமே என் நீதி என்றால், நியாயத்தீர்ப்பை எண்ணி நடுங்கும் மனிதன் எங்கே நோக்குவான்? தன்னுள் நோக்குவான். அங்கே காண்பது கடலையன்று, துளியையே. போதகர்கள் இதனை நன்கு அறிவர். மரணப் படுக்கையில் இருக்கும் முதியவர், "ஐயா, ஆண்டவர் என்னை ஏற்றுக்கொள்வாரா?" என்று கேட்கும்போது, "உமக்குள் இருக்கும் தெய்வீக இயல்பைப் பாரும்" என்று மறுமொழி சொல்ல எவருக்கு நா எழும்? அன்செல்ம் பெயரால் வழங்கிவந்த மரண நேர அறிவுரை ஒன்று இடைக்காலம் முழுவதும் கைக்கொள்ளப்பட்டது. மரிப்பவன் தனக்கும் தேவனுடைய நியாயத்தீர்ப்புக்கும் நடுவே கிறிஸ்துவின் மரணத்தை வைக்கும்படி அது போதித்தது. கொள்கையளவில் என்ன எழுதப்பட்டிருந்தாலும், படுக்கையருகே நின்ற குருமார் எதைச் சொல்லவேண்டும் என்பதைத் திரெந்து சங்கத்திற்கும் சீர்திருத்தத்திற்கும் முன்பே அறிந்திருந்தனர்.

ஒசியாண்டரின் பெருங்குறை வேறோர் இடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. அவர் அமைப்பில் சிலுவை நீதிமானாக்குதலுக்கு முற்பட்ட ஓர் ஆயத்தமாகச் சுருங்கிப்போகிறது. மனிதன் பாவம் செய்யாதிருந்தாலும் தேவகுமாரன் மனுவுருவானிருப்பார் என்று 1550-இல் அவர் தனி நூல் எழுதியதும் இதனோடு இசைந்ததே. கிறிஸ்துவின் தெய்வீக இயல்பு மட்டும் என் நீதியாயின், அவர் கீழ்ப்படிந்ததும், கெத்செமனேயில் வியர்த்ததும், மரித்ததும் தேவன் என்னைப் பார்க்கும் பார்வைக்குள் வருவதில்லை. நாசரேத்தூர் இயேசுவின் சரித்திரம் விசுவாசியின் அடையாளத்திலிருந்து கழன்றுவிடுகிறது.

கால்வின் 1559-இல் வெளியிட்ட தம் பெருநூலின் இறுதிப் பதிப்பில், மூன்றாம் பகுதியின் பதினோராம் அதிகாரத்தில், ஒசியாண்டருக்கு நீண்ட மறுப்பைச் சேர்த்தார். தாமும் கிறிஸ்துவோடு ஐக்கியம் என்பதையே மையமாகக் கொண்டவராதலின், தம்மை ஒசியாண்டரோடு எவரும் குழப்பிக்கொள்ளலாகாது என்ற கவலை அவருக்கு இருந்தது. கிறிஸ்து நம்முடையவராகும்வரை அவருடைய நன்மைகள் நமக்குப் பயன்படுவதில்லை என்பதை அவர் ஒத்துக்கொள்கிறார். ஆனால் அவ்வைக்கியம் பரிசுத்த ஆவியினால் உண்டாவது. சாராம்சங்களின் கலப்பு அன்று. நாம் தரித்துக்கொள்வது முழுக் கிறிஸ்துவை, அதாவது நம் மாம்சத்தில் கீழ்ப்படிந்து மரித்த மத்தியஸ்தரை. நீதிமானாக்கப்படுதலும் பரிசுத்தமாக்கப்படுதலும் ஒரே கிறிஸ்துவிலிருந்து வருவதால் அவற்றைப் பிரிக்க இயலாது. எனினும் ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளலாகாது. சூரியனின் ஒளியும் வெப்பமும் பிரியாதவை. ஆயினும் ஒளியால் சுடுகிறது என்றோ வெப்பத்தால் வெளிச்சமாகிறது என்றோ சொல்வதில்லை என்று அவர் விளக்குகிறார்.

கோனிக்ஸ்பர்க்கில் விவாதம் இறையியலோடு நிற்கவில்லை. ஒசியாண்டர் 1552 அக்டோபர் 17-இல் இறந்தார். தர்க்கத்தை நிறுத்தும்படி கோமகன் இட்ட கட்டளைக்கு மோர்லின் பணியாததால் 1553-இல் நாடு கடத்தப்பட்டார். ஒசியாண்டரின் மருமகனும் அரண்மனைப் பிரசங்கியாருமான யோவான் ஃபுங்க் அரசியலில் ஆழ இறங்கி, 1566 அக்டோபர் 28-இல் சிரச்சேதம் செய்யப்பட்டார். மறு ஆண்டு மோர்லின் மார்ட்டின் கெம்னிட்சுடன் திரும்பி வந்து, பிரஷ்யத் திருச்சபையின் உபதேசத்தைச் சீர்செய்தார். கெம்னிட்ஸ் தம் இளமையில் அதே நகரில் நூலகராயிருந்து விவாதத்தை நேரில் கண்டவர்; 1577-இல் லூத்தரன் சபைகளின் ஒருமைப்பாட்டு அறிக்கையை உருவாக்கிய முதன்மையாளர்களில் ஒருவர். அவ்வறிக்கையின் மூன்றாம் பிரிவு இவ்விவாதத்திற்கே உரியது. கிறிஸ்து தெய்வீக இயல்பினால் மட்டுமன்று, மனித இயல்பினால் மட்டுமன்று, இரு இயல்புகளும் கூடிய முழு ஆளாய்ச் செலுத்திய கீழ்ப்படிதலே நமக்கு நீதியாக எண்ணப்படுகிறது. தேவன் வாசம்பண்ணுதல் அதனைத் தொடர்ந்து வருவது என்று அது முடிவு செய்தது.

வினா அதனோடு உறங்கிவிடவில்லை. 1970-களில் ஃபின்லாந்தின் துவோமோ மான்னெர்மா, விசுவாசத்திலேயே கிறிஸ்து பிரசன்னமாயிருக்கிறார் என்னும் லூத்தரின் கலாத்தியர் விரிவுரைக் கருத்தை முன்வைத்து, பிற்கால லூத்தரன் உபதேசம் லூத்தரை வறிதாக்கிவிட்டது என வாதிட்டார். 1999 அக்டோபர் 31-இல் லூத்தரன் உலக சம்மேளனமும் ரோமன் கத்தோலிக்கத் திருச்சபையும் ஆக்ஸ்பர்க்கில் கையெழுத்திட்ட கூட்டறிக்கை, பாவமன்னிப்பையும் உள்ளான புதுப்பித்தலையும் பிரியாதவையாக ஒன்றாய் வைத்துப் பேசுகிறது. மான்னெர்மாவின் பக்கம் நான் முழுவதும் சாரவில்லை; சிலுவையைப் பற்றிய என் ஐயம் அங்கும் தொடர்கிறது.

ஒசியாண்டரின் கடின வினாவுக்கு, அதாவது தேவன் உண்மையல்லாததைச் சொல்வாரோ என்பதற்கு, மெலாங்க்தனைவிடப் பவுலிடமே நிறைவான விடை கிடைக்கிறது. ரோமர் 4:5-இல் 'நீதிமானாக்குகிறவர்' என்பதும் 'எண்ணப்படும்' என்பதும் ஒரே வசனத்தில் நிற்கின்றன. பின்னது முன்னதற்கு உரையாகிறது. அதே அதிகாரத்தின் 17-ஆம் வசனத்தில், இல்லாதவைகளை இருக்கிறவைகளைப்போல் அழைக்கும் தேவனைப் பவுல் காட்டுகிறார். மனித நியாயாதிபதி உள்ளதைக் கண்டு அதன்படி தீர்ப்புச் சொல்கிறான். அவன் மாற்றிச் சொன்னால் பொய். தேவனுடைய வார்த்தையோ உள்ளதை உண்டாக்கும் வார்த்தை. திடப்படுத்தல் வகுப்பில் நீதிமொழிகள் 17:15-ஐயும் ரோமர் 4:5-ஐயும் அருகருகே வைத்து வாசித்து, பிள்ளைகளையே கேள்வி கேட்க விடலாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ஒசியாண்டரின் வினாவைத் தாமாகவே எழுப்புவார்கள். அப்பொழுது ஆதியாகமம் 17:5-க்குத் திருப்பி, ஆபிராமுக்குத் திரளான ஜாதிகளின் தகப்பன் என்று பொருள்படும் பெயர் இடப்பட்ட நாளில் ஈசாக்கு இன்னும் பிறந்திருக்கவில்லை என்பதைக் காட்டவேண்டும்.