பெயர் சொல்லா வழக்கு

கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையில், முந்திரித் தோப்புகள் சூழ்ந்த குள்ளஞ்சாவடி வட்டாரத்திலும், தமிழகத்தின் பிற ஊர்ப்புறங்களிலும், மணமான பெண் தன் கணவனின் பெயரை வாயால் சொல்லாதிருப்பது சில தலைமுறைகளுக்கு முன்புவரை குடும்ப ஒழுக்கமாகவே கொள்ளப்பட்டது. பெயரைச் சொன்னால் அவனுடைய ஆயுள் குறையும் என்பது இதற்குப் பெரியவர்கள் கூறிய காரணம். முருகன் என்பவனை மணந்தவள் ‘பழனி மலை சாமி பேரு’ என்று சுற்றி வளைத்துச் சொல்வாள். மற்ற வேளைகளில் ‘எங்க வீட்டுக்காரரு’, ‘பெரியவனோட அப்பா’ என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

பெயரை மறைத்தல் தமிழுக்குப் புதியதன்று. அன்பின் ஐந்திணையைப் பாடும் அகப்பாட்டில் தலைவன், தலைவி எவருக்கும் இயற்பெயர் வரலாகாது என்று தொல்காப்பியம் விதித்தது. பாண்டியர்க்குரிய வேம்பு வேலில் சூட்டப்பட்டதாகப் பாடியதே தலைவன் யாரெனக் காட்டிவிடுகிறது என்று கொண்டு, உரையாசிரியர் நச்சினார்க்கினியர் நெடுநல்வாடை என்னும் பாட்டைப் புறத்தில் சேர்த்தார். எனினும் இந்த அக மரபையும் இல்லற வழக்கையும் ஒரே மரபாகக் கருதுவது பொருந்தாது. அகப்பாட்டின் மறைப்பு இருபாலாருக்கும் பொதுவானது, அந்தக் காதலை எல்லோருடையதாகவும் ஆக்குவது. இல்லறத்தின் மறைப்போ மனைவியை மட்டுமே கட்டியது. கணவன் அவளைப் பெயரிட்டோ, ‘ஏ புள்ள’ என்றோ தாராளமாகக் கூப்பிடலாம்.

இந்த ஒருதலைப்பாடுதான் உறவின் போக்கை மாற்றியது. பெயரிட்டு அழைக்க முடியாதவள் ‘ஏங்க’ என்ற ஒரே விளியை வைத்துக்கொண்டு, அன்பையும் அவசரத்தையும் கோபத்தையும் அதன் ஏற்ற இறக்கத்திலேயே காட்டக் கற்றாள்; அந்தக் குரலை வைத்தே அடுப்படியில் என்ன நடக்கிறது என்று அறிந்துகொண்ட கணவர்களும் இருந்தனர், அந்த நெருக்கத்தைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது. ஆனால் நேரில் கேட்க வேண்டிய கேள்விகள் பிள்ளையின் வழியாகச் சென்றன. ‘உங்கப்பாவ சாப்பிட வரச்சொல்லு’ என்பது சண்டை நாட்களில் வழக்கமான பேச்சு. மாமியாரிடம் சொல்ல முடியாததை மாட்டைத் திட்டுவதுபோலச் சொல்வதும் உண்டு; ஒருவர் காதில் விழவேண்டியதை வேறொருவரிடம் சொல்லும் இம்முறைக்குச் சாடை பேசுதல் என்று பெயர். சாடையாகச் சொன்ன குறைக்கு எவரும் விடை சொல்லத் தேவையில்லை என்பதால், அக்குறை தீராமலே ஆண்டுக்கணக்கில் வீட்டுக்குள் தங்கியது.

1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டு, நிலம் கொடுத்த குடும்பங்களும் வேலை தேடி வந்தவர்களும் அலுவலகங்களை நாடவேண்டியிருந்த காலத்தில், ‘கணவர் பெயர்’ என்ற கட்டம் ஒவ்வொரு படிவத்திலும் எதிரே நின்றது. எழுத்தர் கேட்டதும் தலைகுனிந்து, இடுப்பில் இருக்கும் பிள்ளையின் தோளைத் தொட்டு, ‘அப்பா பேரைச் சொல்லு சாமி’ என்று சொல்லும் பெண் அக்காலத் தமிழக அலுவலகங்களுக்குப் பழகிய காட்சி. 1951–52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலிலோ, பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் முதலிய பகுதிகளில், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டும் சொல்லித் தம் பெயரையே தெரிவிக்காத ஏறக்குறைய 28 லட்சம் பெண்கள் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். இங்கே மறைந்தது கணவன் பெயர், அங்கே மறைந்தது பெண்ணின் சொந்தப் பெயர். இரண்டிலும் பேச்சை விட்டுக்கொடுத்தவள் பெண்ணே.

தமிழகத்தில் சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பளித்த, அண்ணாதுரை ஆட்சியின் 1967ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், மணமக்கள் தமக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் கணவனாக, மனைவியாக ஏற்பதாக அறிவிப்பதையும் மணம் முடிக்கும் முறைகளுள் ஒன்றாக வைத்தது. மணமகளின் வாய்ச்சொல்லுக்கு மணமகனின் சொல்லுக்கு நிகரான இடம் அதில் கிடைத்தது. இன்று கணவனைப் பெயர் சொல்லி அழைக்கும் பெண்கள் பலர், மாமியார் எதிரில் மட்டும் ‘ஏங்க’ என்று மாற்றிக்கொள்கின்றனர்.

ஆயுள் குறையும் என்ற அச்சம் மட்டுமே காரணமாயிருந்தால், கணவன் இறந்ததும் இவ்வழக்கு முடிந்திருக்க வேண்டும். ஆனால் விதவை உதவித்தொகைக்காக இறப்புச் சான்றிதழுடன் வரும் மூதாட்டியரிடம் பெயர் கேட்டால், அவர்களுள் சிலர் இப்போதும் வாய் திறப்பதில்லை. தாளைத் திருப்பிவைத்து, அச்சிட்ட பெயரின்மேல் விரலை வைக்கின்றனர்.