கடல் கடந்த சந்தா

சந்தா என்னும் சொல் பாரசீகத்திலிருந்து இந்துஸ்தானி வழியாக வந்து, இன்று தமிழ்ச் சொல்லாகவே வழங்கிவருகிறது. கண்ணாற் காணாத பத்திராதிபரிடம் ஓராண்டுப் பணத்தை முன்னதாகவே ஒப்படைத்துவிட்டு, இதழ் தவறாது வரும் என்று காத்திருப்பதே சந்தா. பத்திராதிபர் வேறொரு நாட்டில் இருப்பாராயின் நம்பிக்கை மட்டும் போதாது. ஏடு வருவதற்கு ஒரு வழி வேண்டும். பணம் போவதற்கும் ஒரு வழி வேண்டும். இவ்விரு வழிகளும் நமது ஊவாவுக்கு எவ்வாறு திறந்தன, எவ்வாறு அடைபட்டன என்பதை இன்று சிறிது நோக்குவோம்.

ஏடு வந்த வழி இருப்புப்பாதை. 1894ஆம் ஆண்டில் பண்டாரவளை வரை வந்த புகையிரதம், எல்ல, தெமோதரை மலைகளைக் கடந்து பதுளையை அடைய 1924 ஆயிற்று. அதற்குள் 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் போக்குவரத்துத் தொடங்கியிருந்தது. இதனால், சென்னையில் அச்சான ஏடு ரயிலும் கப்பலும் ரயிலுமாக மாறி மாறி ஏறி மலைநாட்டை எட்டியது. ஆனந்த விகடன் 1926இலும், கலைமகள் 1932இலும், கல்கி 1941இலும் தோன்றின. தோட்டத்திலோ இன்னுமொரு படி இருந்தது. தொழிலாளியின் பெயருக்கு வரும் தபால் நேரே அவர் கைக்கு வருவதில்லை. தோட்டத் தபாற்காரர் அதைப் பையிலே சுமந்து தோட்டக் கந்தோருக்குக் கொண்டுபோவார். அங்கிருந்துதான் அது லயத்துக்கு வரவேண்டும். கடல் கடந்து வந்த ஏடு கந்தோர் மேசையிலே தங்கிவிடுவதும் உண்டு.

இனிப் பணம் போன வழியைப் பார்ப்போம். 1874இல் பேர்ண் நகரிலே பல நாடுகள் கூடி அமைத்த தபால் ஒன்றியம், 1878இல் பாரிஸில் காசுக்கட்டளைக்கென ஓர் உடன்பாடு கண்டது. 1891இல் வியன்னாவில் இன்னொன்று செய்தது. அயல்நாட்டுப் பத்திரிகைக்குரிய சந்தாவை வாசகர் தம் ஊர்த் தபாற் கந்தோரிலேயே செலுத்தலாம் என்பது அது. அதிற் சேர்ந்த நாடுகளுக்கு அது பெரும் வசதியாயிற்று. நம்மவர்க்கு வாய்த்தது காசுக்கட்டளையே. ஊரிலிருக்கும் தாய் தந்தையர்க்குத் தொழிலாளி பணம் அனுப்பிய அதே யன்னலில், எழுத்தறிந்த ஒருவர் சந்தாவும் கட்டலாம். இந்திய ரூபாயும் இலங்கை ரூபாயும் நெடுங்காலம் சமமாயிருந்தமையால் கணக்கும் எளிது.

யுத்தம் வந்தது. 1939இல் யுத்தகால விதிகளோடு தொடங்கிய செலாவணிக் கட்டுப்பாடு, 1953ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டத்தால் நிலைபெற்றது. 1966 ஜூன் மாதத்தில் இந்திய ரூபாயின் பெறுமதி குறைக்கப்பட்டபோது, இந்தியாவில் பத்து ரூபாய் பெறும் சந்தா இலங்கைக் கணக்கில் ஏறத்தாழ 6 ரூபாய் 35 சதம் ஆயிற்று. 1967 நவம்பரில் நமது ரூபாயும் இறங்கவே, அது 7 ரூபாய் 93 சதம் அளவுக்கு ஏறியது. அப்போதும் பழைய பத்துக்குக் குறைவுதான். ஆயினும் என்ன பயன்? மலிவான பொருளுக்கும் பணம் அனுப்ப அனுமதி வேண்டியிருந்தது. 1964 டிசம்பர்ப் புயலோ தனுஷ்கோடியையே அழித்துவிட்டிருந்தது.

1970களின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியும் கட்டுப்படுத்தப்பட்டது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு ஒரு காரணம். ஈழத்து எழுத்துக்கு இடம் வேண்டும் என்ற கோரிக்கை மற்றொன்று. அக்கோரிக்கை நியாயமானதே. டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய மல்லிகை வேரூன்றியது. வீரகேசரிப் பிரசுரங்களாக நம் நாட்டு நாவல்கள் வெளிவந்தன. இந்த நன்மையை மறுப்பதற்கில்லை.

ஆனால் பணவழி அடைபடும்போது முதலில் மூச்சுமுட்டுவது எது? பெரிய வார இதழுக்கு முகவர் உண்டு, விளம்பரம் உண்டு. சிற்றேடோ சந்தாதாரரை நம்பியே பிழைப்பது. சி. சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய எழுத்து அத்தகையது. திருகோணமலையிலிருந்த தருமு சிவராமு என்னும் இளைஞர் அதிலே எழுதி, பிரமிள் எனத் தமிழுலகெங்கும் அறியப்பட்டார். அவ்வேடு கடலைக் கடந்து வராதிருந்தால், அவ்விளைஞரின் எழுத்தும் அங்கே போயிருக்குமா என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இத்தடையை உணர்ந்தே யுனெஸ்கோ நிறுவனம் 1948இல் புத்தகக் கூப்பன் முறையைக் கொண்டுவந்தது. வாசகர் தம் நாட்டு நாணயத்தைக் கொடுத்துக் கூப்பன் பெற்று, அதனால் அயல்நாட்டு நூலை வாங்க முடிந்தது. அறிவு நூலுக்குச் செலாவணி தடையாகலாகாது என்பதே அதன் கருத்து.

பழைய கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில் 2017இல் புதிய சட்டம் வந்தது. வங்கி அட்டை உள்ளவர் வீட்டிலிருந்தபடியே சந்தா செலுத்துகிறார். எனினும் 2022இல் செலாவணி வற்றியபோது, காகிதமின்மையால் நாளிதழ்களின் சில பதிப்புகள் நின்றன. மேல் மாகாணத்தில் பள்ளித் தவணைப் பரீட்சைகளும் பிற்போடப்பட்டன. அட்டையில்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளி நூல்நிலையமே தபாற் கந்தோர், அதுவே வங்கி. ஆகவே பெற்றோரும் பழைய மாணவரும் தத்தம் தோட்டப் பள்ளிக்கு ஆண்டுக்கு இரண்டு சந்தா கட்டிவைக்க முன்வரவேண்டும்: ஒன்று நம் நாட்டு ஏட்டுக்கு, மற்றொன்று கடலுக்கு அப்பாலிருந்து வரும் ஏட்டுக்கு. இரண்டையும் பிள்ளையின் பெயரெழுதி, பிள்ளையின் கையிலேயே சேர்ப்பித்தல் நம் கடன்.