பழைய கஞ்சில்: சூட்டைக் கவனியுங்கள்

பெரோடுவா நிறுவனத்தின் முதல் கார் கஞ்சில். மலாயில் சருகுமான் என்று பொருள். 1994இல் வந்து 2009இல் தயாரிப்பு நின்ற இக்கார் இன்னும் பல வீட்டு வாசல்களில் நிற்கிறது.

இதைப் படுத்துவது பெரும்பாலும் சூடுதான். கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரும் வழியில், கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் நின்றுவிட்டால் ரேடியேட்டருக்குக் காற்று வராது, விசிறிதான் கதி. அதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஏர்கோனை அடைத்துவிட்டு இயந்திரத்தை நின்ற இடத்திலேயே ஓடவிடுங்கள். சூட்டு முள் பாதியை எட்டியதும் சற்று நேரத்தில் விசிறி தானே சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் முதலில் பியூஸைப் பாருங்கள்.

ரேடியேட்டர் தண்ணீரைக் காலையில், இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். சூட்டில் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீச்சியடிக்கும். செந்நிறமாக இருந்தால் உள்ளே துரு. குழாய்த் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தின் பலன் அது. கூலண்ட் ஊற்றுங்கள்.

கசிவே தெரியாமல் தண்ணீர் தினமும் குறைகிறதா? எண்ணெய் மூடியின் அடியில் பால் கலந்த காப்பி போல் படிந்திருக்கிறதா? ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், போர்மனிடம் காட்டுங்கள்.

முள் சிவப்பைத் தொட்டால், 'இன்னும் கொஞ்ச தூரம்தானே' என்று ஓட்டாதீர்கள். அலுமினிய ஹெட் வளைந்துவிடும். ஓரமாக நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, நன்றாக ஆறவிடுங்கள்.