அலுமினியம் அடித்த பந்து

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் மட்டை என்றதும் நினைவுக்கு வருவது கிரிக்கெட்தான். அதற்கும் முந்தைய கிட்டிப்புள்ளில் கம்பும் மரம், புள்ளும் மரம். ஆனாலும் கண் போய்விடும் என்று பெரியவர்கள் விரட்டுவார்கள். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு.

கிரிக்கெட்டில் உலோகம் ஒருமுறை எட்டிப் பார்த்தது. 1979 டிசம்பர், பெர்த் டெஸ்ட். டென்னிஸ் லில்லி அலுமினிய மட்டையோடு களமிறங்கினார். இயன் போத்தம் வீசிய பந்தைத் தட்டி மூன்று ரன் ஓடினார். பந்து கெடுகிறது என்று இங்கிலாந்து கேப்டன் மைக் பிரியர்லி புகார் சொன்னார். நடுவர்கள் மாற்றச் சொல்லியும் லில்லி அசையவில்லை. கடைசியில் ஆஸ்திரேலியக் கேப்டன் கிரெக் சாப்பலே மர மட்டையோடு வந்து நின்றார். லில்லி அலுமினியத்தை வீசியெறிந்தார். விளையாட்டு வீரரின் பிடிவாதமா, வியாபார விளம்பரமா? இரண்டும்தான், அந்த மட்டையை விற்கும் தொழிலில் அவருக்கும் பங்கு இருந்தது.

1980 விதித்தொகுப்பு மட்டையின் அலகு மரமாகவே இருக்க வேண்டும் என்றது.

அங்கே காயப்பட்டது பந்து. பேஸ்பாலில் அஞ்சியது ஆளுக்காக. அமெரிக்கக் கல்லூரிகள் 1974-இல் அலுமினியத்தை அனுமதித்தன. மரம்போல் உடையாது, செலவு மிச்சம். ஆனால் உள்ளீடற்ற உலோகச் சுவர் அமுங்கி மீள்வதால் பந்து வேகமாகத் திரும்புகிறது. பந்து வீசுபவரோ சுமார் 18 மீட்டர் தொலைவில், தலைக்கவசமின்றி நிற்கிறார். 2007-இல் நியூயார்க் நகரம் உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களில் உலோக மட்டையைத் தடை செய்தது. கல்லூரிகள் தடைக்குப் போகவில்லை. 2011 முதல் மரத்தையொட்டிய வேகமே தரும் உலோக மட்டைகளைக் கட்டாயமாக்கின.